பூ கொட்டுது, காய் பிடிக்கலையா? வடசென்னை மாடித் தோட்டத்துக்குத் தேனீயை வரவழைக்கும் வழி

பரங்கிக் கொடி கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்திருக்கும். காலையில் பார்த்தால் மஞ்சள் மஞ்சளாகப் பூ. பிஞ்சு மட்டும் கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் பழுத்து உதிர்ந்துவிடும். உரக்கடையில் கேட்டால் பூ உதிராமல் இருக்க என்று ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள். வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: காலையில் அந்தப் பூவுக்குத் தேனீ வருகிறதா? வராவிட்டால் எந்த உரமும் காயைக் கொண்டுவராது.

உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று, ஓரளவாவது பூச்சி, பறவை, வௌவால் போன்றவற்றின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன. நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. ஆனால் சாம்பாரில் போடும் பரங்கி, முருங்கை, கத்திரி, தாளிக்கும் கடுகு, அரைக்கும் தனியா எல்லாவற்றுக்கும் அது தேவை, அல்லது அது வந்தால் விளைச்சல் கூடும். தேனீக்கு இன்று வரும் ஆபத்துகளில் சில நம் வீட்டு வாசலிலும் மாடியிலும்தான் நடக்கின்றன. அதனால்தான் சரிசெய்வதும் நம் கையில் இருக்கிறது.

முதலில் காரணத்தை உறுதிப்படுத்துங்கள்

உதிர்ந்த பிஞ்சைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால், தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் பிசின் துளியும் இருந்தால், அது பழ ஈயின் வேலை. கொடிக் காய்களுக்குக் கியூலூர் பொறி (வாசனையால் பழ ஈயை இழுத்துப் பிடிப்பது) ஒன்று தொங்கவிட்டு, விழுந்த பிஞ்சுகளை மண்ணில் கிடக்க விடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டால் போதும். மருந்து அடிக்க வேண்டாம். தக்காளியிலோ சுரையிலோ பூ இருந்த நுனி மட்டும் கறுத்துக் குழிந்தால், ஒருநாள் காய்ந்து ஒருநாள் ஊறி என்று தண்ணீர் சீரில்லாமல் போனதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சேரவில்லை. உள்ளே சுத்தமாக இருந்து, பூ விரிந்த மூன்று நான்கு நாளில் மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். வெள்ளரி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பியிருந்தால் மகரந்தம் சேர்ந்தது, போதவில்லை. ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் துகளாவது வேண்டும். விதை உருவாகாத பக்கம் சதையும் வளராது.

கொடியில் முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே வந்து உதிரும். அது இயல்பு. பூவுக்கு அடியில் குட்டிக் காய் போல் இருந்தால்தான் பெண் பூ.

எந்தக் காய்க்கு யார் வர வேண்டும்

தேனீ என்றதும் கூடு கட்டித் தேன் சேர்ப்பது மட்டும்தான் நினைவுக்கு வரும். மாடித் தோட்டத்துக்குத் தேன் தராத தேனீக்களும் அதே அளவு முக்கியம்.

பரங்கி, பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் விரியும். இவற்றுக்கு இந்தியத் தேனீயும், கிளையில் கையளவு கூடு கட்டும் கொம்புத்தேனீயும், கொசுவைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும், கொட்டாத கொசுத்தேனீயும் வரும். கொசுத்தேனீ ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழங்காலச் சுண்ணாம்புச் சுவர் விரிசல்களிலும் கேட்டுக் குழாய்களுக்குள்ளும் குடியிருக்கும். சுவரில் சின்னதாய்ப் பிசின் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அதன் வாசல். அந்தச் சுவரைப் பூசும்போது வாசலைச் சுற்றி ஒரு விரல் அளவு விட்டுப் பூசச் சொல்லுங்கள். மேஸ்திரி சிமெண்டை அப்பிவிட்டால் பல வருடக் குடும்பம் உள்ளேயே செத்துப்போகும்.

கத்திரி, தக்காளி வேறு கதை. அவற்றின் மகரந்தம் மூடிய குழலுக்குள் இருக்கிறது. பூவைப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் கொட்டும். தேன் தரும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும், கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய கறுப்புத் தச்சுத் தேனீயும் போன்றவைதான் செய்யும். கத்திரிப் பூ அருகே காது கொடுத்தால் பறக்கும்போது ஒரு சுருதி, பூவில் உட்கார்ந்ததும் திடீரென்று உச்சத்துக்குப் போகும் ‘ஸ்ஸீங்’ என்று இன்னொரு சுருதி கேட்கும். அந்த நொடியில் அதன் வயிற்றில் வெள்ளைப் பொடி கொட்டுவது கண்ணுக்கே தெரியும். முருங்கைக்கும் சரக்கொன்றைக்கும் முக்கிய விருந்தாளி இந்தத் தச்சுத் தேனீதான். அது வீட்டுக்குள் வந்தால் விளக்குமாற்றால் அடிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்தால் போய்விடும்.

சுரை, பீர்க்கு, புடலை மாலையில் விரியும் பூக்கள். இவற்றுக்கு அந்துப்பூச்சிதான் பெரும்பாலும் வேலை பார்க்கும். இவை மட்டும் காய்க்கவில்லை என்றால் இரவெல்லாம் எரியும் மாடி விளக்கை அணைத்துப் பாருங்கள்.

வலை போட்டு அடைப்பது

மே மாத வெயிலுக்கு 50 சதவீத நிழல் வலை தேவைதான். தவறு, குரங்குக்கும் அணிலுக்கும் பயந்து நாலு பக்கமும் இறக்கிக் கட்டுவது. தேனீ உள்ளே வராது. வந்தாலும் வெளியே போக வழி தெரியாமல் மேல் மூலையில் முட்டி முட்டிச் சாகும். மேலே மட்டும் போடுங்கள். கிழக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் முழுக்கத் திறந்திருக்கட்டும். அடைத்தே ஆக வேண்டுமென்றால் காலை 6 முதல் 10 மணி வரை ஒரு பக்கத்தைச் சுருட்டி வையுங்கள்.

தேனீ வந்து சேரும்வரை கையால் செய்யலாம். காலை 6 முதல் 8 மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, நடுத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூவால் இரண்டு பெண் பூவுக்குச் செய்யலாம். 9 மணிக்கு மேல், அதுவும் கோடையில், மகரந்தம் காய்ந்துவிடும், பலன் குறைவு. தக்காளிக்கும் கத்திரிக்கும் பூக்காம்பின் பின்புறம் பேட்டரி டூத் பிரஷ்ஷின் அடிப்பகுதியை இரண்டு நொடி தொடவிட்டால் போதும்.

வருடம் முழுக்கப் பூ

தேனீ வராததற்குப் பெரிய காரணம் பட்டினி. பரங்கி பூக்கும் ஒரு மாதத்துக்காக எந்தக் கூடும் உங்கள் மாடியை நினைவில் வைத்திருக்காது. கொசுத்தேனீ சில நூறு மீட்டருக்குள்தான் மேயும். அந்த வட்டத்துக்குள் பன்னிரண்டு மாதமும் ஏதாவது பூத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பங்குனி, சித்திரையில் கவலையில்லை. தெருவில் வேம்பு, புங்கை, வாகை, நாவல், அடுத்துச் சரக்கொன்றை என்று மரங்களே பார்த்துக்கொள்ளும். கடலோரத் தெருக்களில் பூவரசு, எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி. கொருக்குப்பேட்டை ரயில்வே நிலங்களில் களை என்று நாம் நினைக்கும் தும்பையும் மூக்குத்திப் பூவும் கொம்புத்தேனீக்கும் கொசுத்தேனீக்கும் சோறு. மணலி பக்கம் சீமைக் கருவேலத்தின் பூ கூடத் தேனீக்குத் தீவனம்தான். அதை அகற்றுவதில் தப்பில்லை, ஆனால் அகற்றிய இடத்தில் புங்கையும் பூவரசும் நடாமல் விட்டால் அந்தப் பகுதியின் தேனீ பட்டினி கிடக்கும்.

பஞ்சம் வருவது ஆடியிலிருந்து புரட்டாசி வரையும், பிறகு மழையில் பூத்தேன் கழுவிப் போகும் ஐப்பசி, கார்த்திகையிலும். மாடித் தொட்டிகள் நிரப்ப வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் முதல் தேர்வு. இலைக்காகக் கதிரை எல்லாம் கிள்ளிவிடுகிறோம். பாதிச் செடிகளில் கிள்ளாமல் விடுங்கள். ஒரே வகைச் செடி ஆறு எட்டுத் தொட்டி ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். தேனீ ஒரு பயணத்தில் ஒரே வகைப் பூவைத்தான் தேடும். ஆளுக்கொரு மூலையில் ஒவ்வொரு தொட்டி வைத்தால் அதற்கு லாபமில்லை. டேபிள் ரோஸ் எனும் பத்துமணிப் பூ அகலமான தட்டுத் தொட்டியில் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் அசையாது. ஒற்றை இதழ் வகையை வாங்குங்கள். அடுக்குச் செம்பருத்தி, அடுக்குச் சாமந்தி எல்லாம் கண்ணுக்கு அழகு. இதழ் மேல் இதழாய் அடைத்திருப்பதால் தேனீக்கு அதில் எட்டுவது குறைவு. எள் விதைத்துச் சுமார் 40 நாளில் பூக்கும், சூரியகாந்தி 55 முதல் 60 நாளில். தனியா விதையை இரண்டாக உடைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி வீதம் விதைத்து வாருங்கள். கீரைக்குப் பறித்தது போக ஒரு தொட்டியை எப்போதும் பூக்க விடுங்கள். கொடிரோஜாவைச் சன்ஷேடு ஓரம் ஏற்றினால் மழை மாதத்திலும் நனையாத சில கொத்துகள் கிடைக்கும்.

12 அங்குலத் தொட்டிக்குச் செம்மண், கழுவிய தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம அளவு, கூட இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்த்தூளை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாவிட்டால் அதிலுள்ள உப்பே செடியைக் கருக்கும். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் உப்பென்றால் ஏசி தண்ணீரைப் பிடித்துக் கலந்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வேண்டாம்; அதில் உப்பு இன்னும் கூடுதல்.

கன்டெய்னர் லாரி ஓடும் சாலையைப் பார்த்த வீடா? தொட்டிகளைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். டீசல் புகை பூ வாசனையின் சில சேர்மங்களைச் சிதைத்துவிடும். தேனீ வாசனை பிடித்துத்தான் வருகிறது. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், காற்று மாசு அதிகமுள்ள இடங்களில் மலைத்தேனீக்கள் பூவுக்கு வருவதும் குறைந்தது, பிடித்து வைத்தவை சீக்கிரமே இறந்தன. புகையை நம்மால் நிறுத்த முடியாது. வாரம் ஒருமுறை அதிகாலையில் இலைத் தூசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். பூவின் மேல் பீய்ச்ச வேண்டாம்.

தண்ணீர், கொசு இல்லாமல்

மண் தட்டில் கூழாங்கல் நிரப்பி, கல்லின் தலை வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர். ஆழம் 2 செ.மீ. தாண்ட வேண்டாம், தாண்டினால் தேனீ மூழ்கிச் சாகும். நிழலில், தினமும் அதே இடத்தில். இடம் மாற்றினால் வருவது நின்றுவிடும். டெங்குக் கொசு தட்டின் விளிம்பில் முட்டையை ஒட்டிவைக்கும், எனவே தண்ணீரைக் கொட்டி நிரப்பினால் மட்டும் போதாது. வாரம் இரண்டு முறை கல்லையும் தட்டின் உள்விளிம்பையும் தேய்த்துக் கழுவி ஒருமுறை காயவிடுங்கள். மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால், “அக்கா, இது தேனீக்கு. நாங்க வாரத்துக்கு ரெண்டு தடவ தேய்க்கிறோம், பாருங்க” என்று காட்டிவிடுங்கள். புகை மருந்து அடிக்கும் நாளில் தட்டைக் கவிழ்த்து வையுங்கள், மறுநாள் கழுவி நிரப்புங்கள்.

குடியிருக்க இடம்

இலைவெட்டித் தேனீக்கு 6 முதல் 10 மி.மீ. துளையுள்ள மூங்கில், தச்சுத் தேனீக்கு 12 முதல் 18 மி.மீ. 15 செ.மீ. நீளத்துக்கு, ஒரு முனையில் கணு அடைத்திருக்கும்படி அறுத்துக்கொள்ளுங்கள். திறந்த வாயை உப்புத்தாளால் வழவழப்பாக்காவிட்டால் சிம்பு குத்தி இறக்கை கிழியும். இருபது துண்டுகளை ஒரு பழைய டப்பாவில் இறுக்கி, சன்ஷேடுக்கு அடியில் காலை வெயில் படும்படி, படுக்கை வாட்டில், ஆடாமல் பொருத்துங்கள். வடகிழக்குப் பருவமழைச் சாரல் உள்ளே அடித்தால் பூஞ்சை பிடித்துப் புழு செத்துவிடும். அதனால் தென்கிழக்கு முகம் நல்லது. கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் கம்பியில் கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் எறும்பு காலிசெய்துவிடும்.

நீலப்பட்டைத் தேனீ மண்ணில் துளை போடும். ஒரு தொட்டியில் களிமண் கலந்த செம்மண்ணும் மணலும் இறுக்கி அடைத்து, காய்ந்ததும் பக்கவாட்டில் சாய்த்து மழைபடாத இடத்தில் வைத்துவிடுங்கள். அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தேன் பெட்டி வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டு கோடை, இரண்டு மழை உங்கள் தெருவில் பூ தொடர்ந்து இருக்கிறதா என்று பார்த்த பிறகு யோசியுங்கள். தீவனமில்லாத இடத்தில் பெட்டி வைத்தால் கூடு ஓடிப்போகும், அல்லது சர்க்கரைப் பாகு கொடுத்தே காலம் தள்ள வேண்டியிருக்கும்.

மருந்து

இமிடாகுளோபிரிட், தயமீதாக்சம் இரண்டும் நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள். செடியின் சாறோடு கலந்து, பின்னால் வரும் பூத்தேனிலும் மகரந்தத்திலும் போய் நிற்கும். இன்று அடித்ததை வாரங்கள் கழித்துத் தேனீ குடிக்கும். உடனே சாகாவிட்டாலும் கூட்டுக்கு வழி மறந்துபோகும். இந்த இரண்டையும் அதே வகைக் குளோதயனிடினையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது. நம் ஊரில் சின்னப் பாக்கெட்டில் கிடைக்கிறது, மாவுப்பூச்சிக்கு என்று மாடித் தோட்டத்துக்கும் சிபாரிசு செய்கிறார்கள். வாங்காதீர்கள். மாதவரம், செங்குன்றம் பக்கம் நர்சரியில் செடி வாங்கும்போதே, “அண்ணே, இதுக்கு என்ன மருந்து அடிச்சீங்க, எப்ப?” என்று கேட்டுவிடுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், முதலில் வரும் பூக்களை ஒரு மாதமாவது கிள்ளிவிடுவது பாதுகாப்பு.

அசுவினிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போகும். மாவுப்பூச்சிக்குப் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும். மீறினால்: 5 மி.லி. வேப்பெண்ணெயில் 1 முதல் 2 மி.லி. பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு 1 லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நேரடியாகத் தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் மேலே மிதந்து, கடைசியில் பீய்ச்சுகிற செடி கருகும். பொழுது சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் மட்டும், பூவில் படாமல். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வேப்பெண்ணெயும் தேனீயின் புழுவுக்கு நல்லதல்ல. இயற்கை என்பதற்காக வாரா வாரம் அடிக்க வேண்டாம்.

டீக்கடைக் கப்பும் மாடி விளக்கும்

ஜூஸ் கடை, டீக்கடைக் குப்பைத் தொட்டியில் கிடக்கும் காகிதக் கப்புகளைக் கவனித்துப் பாருங்கள். அடியில் ஒட்டிய சர்க்கரைக்கு இறங்கிய தேனீ, வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் அந்தத் துளிப் பாகிலேயே செத்துக் கிடக்கும். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 2011-ல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வில், ஐந்து காபிக் கடைகளின் கப்புகளில் 30 நாளில் 25,000-க்கும் மேற்பட்ட தேனீக்கள் இறந்ததாகக் கணக்கு வந்தது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு. கடைக்காரரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: கண்ணாடி டம்ளர், குப்பைத் தொட்டிக்கு மூடி.

காலையில் டியூப்லைட்டுக்கு அடியில் பெரிய தேனீக்கள் செத்துக் கிடந்தால் அது நோயல்ல. மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பறக்கும்; நம் விளக்கை நோக்கி வந்து சுற்றிச் சுற்றி விழும். கூடு இருக்கும் பக்கத்து விளக்கை இருட்டியதும் அணையுங்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

கட்டடத்தில் கூடு கட்டிவிட்டால்

அடுக்குமாடிச் சன்ஷேடிலும் தண்ணீர்த் தொட்டி அடியிலும் தொங்கும் ஒற்றைப் பெரிய அடை மலைத்தேனீயுடையது. அவை பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகிறவை. சில மாதங்களில் தாமாகவே கிளம்பிவிடும். ஆள் நடமாட்டத்துக்கு மேலே, எட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. அந்தப் பக்க ஜன்னலை மூடி, கீழே குப்பை எரிக்காமல், வெடி வெடிக்காமல், காற்றாடி நூல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கிளம்பிய பின் மிஞ்சும் வெற்று மெழுகைச் சுரண்டிக் கழுவினால் அடுத்த முறை அதே இடத்துக்கு வருவது குறையும்.

பள்ளி, ஆஸ்பத்திரி, வாசல் நிலை என்று விட முடியாத இடமென்றால் தீயணைப்புத் துறையை 101-ல் கூப்பிடுங்கள், அல்லது கொல்லாமல் அப்புறப்படுத்தத் தெரிந்த தேனீ வளர்ப்பவரைத் தேடுங்கள். வேலை இரவில் நடக்க வேண்டும். மண்ணெண்ணெய்ப் பந்தம் கொளுத்துபவரை விடாதீர்கள்: பாதி எரிந்து சாகும், மீதி கோபத்தோடு தெருவில் இறங்கும், மறுவாரம் தப்பியவை அதே இடத்தில் வந்து உட்காரும்.

தாழ்ந்த கிளையில் கொம்புத்தேனீ கட்டியிருந்து, அந்தக் கிளையை வெட்டியே ஆக வேண்டுமென்றால், நன்றாக இருட்டிய பின் கூட்டோடு கிளையை ஆடாமல் அறுத்து, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, அதே வாட்டில் நிழலில் கட்டலாம். நூறு மீட்டரில் கட்டினால் மறுநாள் மேயப் போனவை பழைய இடத்துக்கே திரும்பி வட்டமிடும். நன்றாகச் செய்தாலும் சில நாளில் கூட்டை விட்டுப் பறந்துவிடக்கூடும்.

கொட்டிவிட்டால்: கொடுக்கை நகத்தாலோ வேறு எதனாலோ உடனே வழித்து எடுங்கள், எப்படி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம், ஏனென்றால் கொடுக்கோடு ஒட்டிய விஷப்பை கொட்டிய பிறகும் சுருங்கிச் சுருங்கி உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும். கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை வரும். மற்றத் தேனீக்களைக் கூப்பிடும் அபாய வாசனை அது. அங்கேயே நின்று அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி ஒரு அறைக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். தண்ணீரில் குதிப்பது உதவாது, வெளியே வரும்வரை மேலே காத்திருக்கும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குவது, தலைசுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு, இவற்றில் எது வந்தாலும், அல்லது குழந்தைக்கோ வயதானவருக்கோ பல இடத்தில் கொட்டியிருந்தாலும், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கமென்றால் ஆட்டோவில் ஏற்றி நேராக அவசரப் பிரிவுக்கே கொண்டுபோங்கள்.